தோலங்கிப் படிகள்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மேரி என வழங்கும் நகராட்சி மாளிகை ஒன்று உண்டு. மேரி என்பது ஈண்டுப் பெண்ணின் பெயரன்று. நகரமன்றத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். கடலை நோக்கி நிற்கும் அதன் தூண்களையும் வளைவுகளையும் காணும் வெளியூரார், பிரெஞ்சுக்காரர் எழுப்பிய பழங்கட்டடம் இது என்றே எண்ணுவர். உண்மை வேறு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த மாளிகை 2014-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் மழைக்கு ஆற்றாது இடிந்து வீழ்ந்தது. அதே இடத்தில் அதே தோற்றத்தில் மீண்டும் கட்டப்பெற்று, 2021-இல் திறக்கப்பெற்றதே இன்று நிற்கும் மாளிகை. ஒன்றைப் பார்த்து அதுபோலவே செய்வதைப் படி என்பது தமிழ் வழக்கு. அவ்வகையில் இம்மாளிகையும் ஒரு படியே. ஊரார் அதனால் மனம் கலங்கினாரில்லை. பழைய பெயராலேயே அதனை அழைத்து வருகின்றனர்.

மூலம் மறைந்தபின் படியைப் போற்றும் இவ்வியல்பு, வேறொரு பொருளைப் பற்றி உலகின் பிற பகுதிகளில் வியக்கத்தக்க அளவிற்கு வளர்ந்திருக்கிறது. போர் விமானிகள் அணிந்த பழைய தோலங்கிகளின் படிகளைத் தேடித் தொகுப்போர் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஜப்பானிலும் பலர் உளர். ஆங்கிலேயர் அதனை ஜாக்கெட் என்பர். தமிழகத்தில் அச்சொல்லைக் கேட்டால் பெண்டிர் அணியும் இரவிக்கையே நினைவுக்கு வருமாதலால், தோலங்கி என்னும் சொல்லே ஈண்டு ஆளப்படுகிறது.

சித்திரை வெயிலில் மெல்லிய பருத்தியாடையும் சுமையாகத் தோன்றும் ஊரில் வாழ்வோர்க்குத் தோலாலாகிய அங்கி எதற்கு என்னும் ஐயம் எழுதல் இயல்பே. விடை வானத்தில் உளது. ஆயிரம் மீட்டர் மேலே செல்லுந்தோறும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும். புதுச்சேரிக் கடற்கரையில் 35 பாகை வெப்பம் நிலவும் வேளையிலும், அதற்கு நேர்மேலே 8,000 மீட்டர் உயரத்தில் உறைநிலைக்குக் கீழே 17 பாகையளவு குளிர் இருக்கும். தொடக்ககால விமானங்களுக்குக் கூரையில்லை. விமானி திறந்த இருக்கையில் அமர்ந்து, முகத்தில் அறையும் காற்றைத் தாங்கியே பறந்தான். விரல்கள் விறைத்தால் விசைகளை இயக்க இயலாது. இயக்க இயலாவிடில் உயிருக்கு உறுதியில்லை.

முதல் உலகப்போரில் பறந்த சிட்னி காட்டன் என்னும் ஆஸ்திரேலிய விமானி ஒரு வியப்பைக் கண்டார். இயந்திரத்தைப் பழுது பார்க்கும்போது அணியும் அழுக்கேறிய மேலுடையோடு அவர் ஒருநாள் பறக்க நேர்ந்தது. உடன் பறந்தோர் குளிரால் நடுங்க, அவருக்கோ குளிர் தோன்றவில்லை. உடையில் ஊறிய எண்ணெய்ப் பசை காற்றை உட்புகவிடாது தடுத்ததே காரணம் என்பதை உணர்ந்து, 1917-இல் பல அடுக்குகளாலான பறப்புடை ஒன்றை அவர் அமைத்தார். பகை குளிரன்று, காற்றே என்பது அதனால் விளங்கிற்று. காற்றுப் புகாத பொருள்களுள் தோல் எளிதிற் கிடைப்பதும் நெடுநாள் உழைப்பதும் ஆகும்.

தொகுப்போர் பெரிதும் விரும்புவது ஏ-2 என்னும் அமெரிக்க அங்கி. 1931-இல் அந்நாட்டுத் தரைப்படையின் வானப்பிரிவு அதனை ஏற்றுக்கொண்டது. பெரும்பாலும் குதிரைத்தோலாலும், சிறுபான்மை ஆட்டுத்தோலாலும் அது தைக்கப்பெற்றது. அதற்கு முந்திய அங்கியில் பொத்தான்கள் இருந்தன. இதிலோ, அக்காலத்துப் புதுமையாகிய ஜிப் இடம்பெற்றது. மணிக்கட்டிலும் இடையிலும் காற்று நுழையாவாறு பின்னலாடைப் பட்டைகள் சேர்க்கப்பட்டன. முதுகுப்பகுதி ஒட்டில்லாத ஒரே தோல். கைகளைக் குளிருக்கு நுழைத்துக்கொள்ளும் பை மட்டும் இல்லை. போர்வீரன் பைக்குள் கைவிட்டு நிற்றல் அழகன்று எனப் படைத்தலைவர் கருதினர் போலும்!

இவ்வங்கிகள் இந்திய மண்ணையும் மிதித்தவை. 1942 முதல் 1945 வரை அஸ்ஸாமிலிருந்து இமயத்தின் கிழக்குத் தொடர்களைக் கடந்து, சீனத்திற்கு எண்ணெயும் படைக்கலமும் ஏற்றிச்சென்ற அமெரிக்க விமானிகள் பலர் அவற்றை அணிந்தனர். காட்டில் வீழ்ந்தால் ஊரார் மொழி அறியாரே! ஆதலால், தம்மைக் காப்பாற்றுமாறு வேண்டும் செய்தியைச் சீன எழுத்தில் பொறித்த துணியொன்றை உடன் வைத்திருந்தனர். சிலர் அதனை அங்கியின் முதுகிலேயே தைத்துக்கொண்டனர். இந்திய விண்மீனும் சீனக் கதிரவனும் பொறித்த தோட்சின்னமும் அவர்க்கு உண்டு. அவற்றுட் பல இந்நாட்டுத் தையற்காரர் கையால் உருவானவை. அக்கைவினைஞர் பெயரை இன்று அறிவார் இல்லை. அவர் இட்ட தையலையோ தொகுப்போர் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து ஆராய்கின்றனர்.

1943-இல் துணியங்கிகள் தோலங்கியின் இடத்தைப் பிடிக்கலாயின. எஞ்சிய தோலங்கிகள் பரண்களிலும் பெட்டிகளிலும் கிடந்து காய்ந்து வெடித்தன. பின்னல் பட்டைகளைப் பூச்சி அரித்தது. திரைப்படங்கள் அவற்றின் மேல் புதிய ஆசையை மூட்டியபோது நல்ல மூலங்கள் அருகிவிட்டன. கிடைத்தவையும் மெலிந்த இளைஞர்க்குத் தைத்தவையாதலின் பிறர் தோளில் ஏறவில்லை. இக்குறையை நிரப்பவே படி செய்வோர் தோன்றினர். அவருள் தலைசிறந்தோர் சிலர் ஜப்பானியர் என்பது வரலாற்றின் விந்தை. எந்நாட்டு நகரங்களின் மேல் அமெரிக்க விமானங்கள் குண்டு பொழிந்தனவோ, அந்நாட்டுக் கைவினைஞரே அவ்விமானிகளின் உடையைப் பழுதின்றி மீட்டெடுத்துள்ளனர். பழைய அங்கி ஒன்றை விலைகொடுத்து வாங்கித் தையல் தையலாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் வடிவையும் அளந்து, நூலின் பருமனையும் ஓர் அங்குலத்தில் விழும் தையல்களின் எண்ணிக்கையையும் ஜிப்பின் பற்களையும் நோக்கி, அவ்வாறே மீண்டும் செய்வது அவர் முறை.

தோலைப் பதப்படுத்துவதிலும் அவர்க்குப் பழமையே வேண்டும். மரப்பட்டைச் சாற்றில் பதமாகிய தோல், அணிய அணிய மடிப்பு விழுந்து நிறம் ஆழ்ந்து அணிவோன் உடலுக்கு இசையும் என்பர். இந்நுட்பம் தமிழகத்திற்குப் புதிதன்று. ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும் பதப்படுத்திய தோல் சென்னைத் துறைமுகத்தினின்று இங்கிலாந்து சென்றது. முதல் உலகப்போரில் பிரித்தானிய வீரர் காலணிகளின் மேற்புறம் ஆயிற்று. புதுச்சேரியிலும் 1978-இல் சிறு பணிமனையாகத் தொடங்கிய ஹைடிசைன் நிறுவனம், மரப்பட்டையாற் பதப்படுத்தும் முறையைக் கைக்கொண்டே பெயர் பெற்றது.

இத்தனை உழைப்பும் ஒரு போலிக்கா என்று நகைப்போர் உண்டு. அன்னோர் செயின்ட் லூயி தெருவிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்திற்குச் சென்று காணுதல் நன்று. 1955-இல் நிறுவப்பெற்ற அந்நிலையம் ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிகளைக் காத்து வருகிறது. இந்நகரின் சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அவற்றுள் ஆசிரியரே தம் கையால் எழுதிய ஏடு எங்கே? தமிழ்நாட்டு வெப்பத்தில் ஓலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைப்பது அரிது. செல்லரிக்குமுன் ஒருவர் பெயர்த்தெழுதினார். அதனைப் பார்த்து மற்றொருவர் எழுதினார். இன்று கற்கப்படும் சங்கநூல்கள் அனைத்தும் அவ்வாறு வந்த படிகளின் படிகளே. படி எழுதினோரை எவரும் போலிகள் என்று இகழ்ந்ததில்லை.

ஆயினும் ஒரு வேறுபாடு கருதற்பாலது. ஏடெழுதியோர் பலர், இறுதியில் ஆண்டும் நாளும் குறித்துத் தம் பெயரையும் எழுதி வைத்தனர்; நூலைத் தாம் இயற்றியதாகக் கூறினாரல்லர். தோலங்கித் துறையிலும் நேர்மையுடையோர் தம் அடையாளத்தை உள்ளே இட்டு, இஃது இன்ன ஆண்டில் செய்த படி என அறியச் செய்வர். மறைப்போரும் இருக்கின்றனர். புதிய அங்கியை உப்புத்தாளால் தேய்த்துச் சாயம் போக்கி, பழைய முத்திரைத் துணியைத் தைத்து, போரில் பறந்தது எனக் கூறிப் பெரும்பொருள் பெறுவோர் அவர். இத்தகையோரைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் நூல்தான். புற ஊதா ஒளியில் பிற்காலச் செயற்கை இழை பளிச்சென்று ஒளிரும். போர்க்காலப் பருத்தி நூல் பெரும்பாலும் மங்கியே கிடக்கும். அங்கி ஒன்றே. படி என்று சொல்லி விற்றால் கைவினை, மூலம் என்று சொல்லி விற்றால் களவு.

இதனினும் நுண்ணியதொரு சிக்கலும் உண்டு. ஏ-2 அங்கியின் இடமார்பில் விமானியின் பெயர் பொறித்த தோற்பட்டை தைக்கப்படும். தொகுப்போர் சிலர், உண்மையாகவே பறந்த ஒருவர் பெயரையும் அவர் படைப்பிரிவின் சின்னத்தையும் தம் படியில் தைத்துக்கொள்கின்றனர். நினைவைப் போற்றவே அவ்வாறு செய்வதாகக் கூறுவர். பேழையில் வைத்துப் போற்றின் குறையில்லை. அணிந்துகொண்டு தெருவில் உலவுவது அத்துணை எளிதில் ஒப்பத்தக்கதன்று.

மேரி மாளிகை நிற்கும் அதே சாலையில், முதல் உலகப்போரில் பிரான்சுக்காகப் போரிட்டு மடிந்த பிரெஞ்சிந்திய வீரர்க்கு 1938-இல் திறக்கப்பெற்ற நினைவுச்சின்னம் உள்ளது. ஆண்டுதோறும் ஜூலை 14-ஆம் நாள் அங்கு மலர்வளையம் வைத்து வணங்குகின்றனர். இடிந்த மாளிகையை மீண்டும் கட்ட முடிந்தது. மடிந்தவர் பெயருக்கு மற்றொரு படி இல்லை. இதனை உணர்ந்தமையாற் போலும், தொகுப்போருள் மூத்தோர் பலர் தம் அங்கியின் இடமார்பை வெறுமையாகவே விட்டுவைக்கின்றனர்.