குயில்மேட்டுப் பெயர், கம்பம் பள்ளத்தாக்கில்

லோயர் கேம்பில் பேருந்தை விட்டு இறங்கி அண்ணாந்து பார்த்தால், மலைச்சரிவில் நான்கு ராட்சதக் குழாய்கள் இறங்கி வருகின்றன. மேற்கே அரபிக் கடலுக்குப் போயிருக்க வேண்டிய பெரியாற்றுத் தண்ணீர் அவற்றின் வழியே கிழக்கே திரும்பி, மின்நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றிவிட்டு வைரவனாற்றில் சேர்கிறது. பிறகு முல்லைப் பெரியாறாகக் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வயல்களை நனைத்துக்கொண்டு வைகைக்குப் போகிறது. தண்ணீர் போன வழியிலேயே ஒரு பெயரும் போயிருக்கிறது. அதன் பின்னால் போய்ப் பார்க்கத்தான் வந்திருந்தேன்.

குமுளி சாலையோரம், பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் கர்னல் ஜான் பென்னிகுவிக்கின் மணிமண்டபம். 2013 ஜனவரி 15 அன்று, அவருடைய பிறந்தநாளில் திறக்கப்பட்டது. உள்ளே அவருடைய வெண்கலச் சிலை. எனக்கு முன்னால் போன பாட்டி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே நுழைந்தார். சிலையைக் கும்பிட்டபடியே பேரனின் தலையைத் தொட்டு, “கும்பிட்டுக்கடா, நம்ம வயலுக்குத் தண்ணி கொண்டாந்த புண்ணியவான்” என்றார்.

அந்தப் புண்ணியவானுக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஜான். இந்தப் பக்கத்தில் அதை யாரும் உச்சரித்து நான் கேட்கவில்லை. பென்னிகுவிக், இல்லாவிட்டால் உரிமையோடு பென்னி. இவர்கள் வாயில் புழங்குவது அவருடைய குடும்பப் பெயர்.

அந்தக் குடும்பப் பெயரும் முதலில் ஓர் ஊரின் பெயர்தான். ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவுக்குத் தெற்கே ஏறக்குறைய 10 மைலில், பென்ட்லண்ட் மலைகளை ஒட்டி, வடக்கு எஸ்க் ஆற்றங்கரையில் இருக்கிறது அந்த ஊர். எழுத்துக்கூட்டல் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மாறியிருக்கிறது. ஊர்க்காரர்கள் வாயில் ‘பெனிகுக்’. வேல்ஸ் மொழிக்கு உறவான பழைய பிரிட்டானிய மொழியில் அதற்குக் குயில்மேடு என்று பொருள் சொல்கிறார்கள். அந்த நிலத்தை வைத்திருந்த குடும்பம் ஊர்ப் பெயரையே சூடிக்கொண்டது. இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டுக்கு ஸ்காட்லாந்து நிலக்கிழார்கள் அடிபணிந்த 1296ஆம் ஆண்டுப் பட்டியலில் ஹியூ டி பெனிகோக் என்று ஒருவர் வருகிறார். பெனிகோக் ஊர் ஹியூ, அவ்வளவுதான். உத்தமதானபுரம் உ.வே.சா.வின் முதலெழுத்தாக நின்ற மாதிரி.

அந்த நிலத்துக்கு ஒரு வேடிக்கையான கடமை உண்டு. எடின்பரோ பக்கத்துக் காட்டுக்கு மன்னர் வேட்டையாட வந்தால், பெனிகுக் நிலத்தின் சொந்தக்காரர் ஒரு குறிப்பிட்ட கல்லின் மேல் அமர்ந்து மூன்று முறை கொம்பு ஊத வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் நிலம் பழைய குடும்பத்தின் கையை விட்டுப் போனது. பாரிஸில் வியாபாரம் செய்து பணம் சேர்த்த ஜான் கிளார்க் அதை வாங்கினார். கொம்பு ஊதும் கடமையும் கிளார்க் குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பழைய குடும்பத்தின் பெயர் மட்டும் நிலமில்லாமல் மனிதர்களோடு அலைந்தது. அந்தப் பெயர் தாங்கிய அலெக்சாண்டர் என்ற மருத்துவர் 1715இல் ட்வீட்டேல் வட்டாரத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வேறு சிலர் பட்டாளத்துக்குப் போனார்கள்.

அப்படிப் பட்டாளத்துக்குப் போனவர்தான் நம்மவரின் தந்தை பிரிகேடியர் ஜான் பென்னிகுவிக். 1849 ஜனவரி 13 அன்று, இன்றைய பாகிஸ்தான் பஞ்சாபில் உள்ள சிலியன்வாலாவில் சீக்கியருடன் நடந்த போரில் அவரும், மகன் அலெக்சாண்டரும் ஒரே நாளில் மாண்டார்கள். 1841இல் புனேயில் பிறந்த இளைய ஜானுக்கு எட்டாவது பிறந்தநாள் வர இரண்டு நாள் பாக்கி. பெயரில் ஸ்காட்லாந்தின் ஊர் இருந்தாலும், அவர் பிறந்த மண் இந்தியாதான்.

மண்டபத்திலிருந்து கூடலூர் வந்து கம்பத்துக்குப் பேருந்து ஏறினேன். சாலையின் இருபுறமும் பன்னீர் திராட்சைப் பந்தல், வாழை, தென்னை, நடுவே நாற்று நட்ட வயல். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் இந்தத் தண்ணீரை நம்பியிருக்கிறது. பெரியாற்றின் குறுக்கே அணை கட்ட 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 1887இல் தொடங்கிய அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. கம்பத்தில் டீக்கடைக்காரர், “சொத்தையெல்லாம் வித்துக் கட்டுனாருண்ணே” என்றார். பள்ளத்தாக்கு முழுக்க வழங்கும் கதை அது. பெரியாறு திட்டம் சென்னை மாகாண அரசின் பொதுப்பணித் துறை வேலை. ஆனாலும் அரசாங்கத்துக்கு யாரும் பொங்கல் வைப்பதில்லை. ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது.

அந்த வேலையின் முழு வரலாற்றையும் 1899இல் புத்தகமாக எழுதியவர் ஏ. டி. மெக்கன்சி என்ற பொறியாளர். அதுவும் ஸ்காட்லாந்துப் பெயர்தான், ஆனால் வேறு வகை. ‘மெக்’ என்றால் மகன். கோயின்யக் என்பவரின் மகன் வழியினர் மெக்கன்சி. ஆக, ஒருவருக்கு ஊர் வழியாகப் பெயர், இன்னொருவருக்குத் தகப்பன் வழியாகப் பெயர். நாம் பெயருக்கு முன்னால் ஊருக்கு ஓர் எழுத்தும் அப்பாவுக்கு ஓர் எழுத்தும் போடுவோமே, அந்த இரண்டும்தான். வித்தியாசம், அவர்கள் அதை ஒரு காலத்தில் உறையவைத்துவிட்டார்கள். அப்பா மாறினாலும் ஊர் மாறினாலும் பெயர் மாறாது.

அடுத்து நான் போன பாலார்பட்டியில் ஜனவரி 15 என்றால் பென்னிகுவிக் பொங்கல். ஊர் கூடிப் பானை வைத்து, அவர் படத்துக்கு மாலை போடுகிறார்கள். நான் போனது சாதாரண நாள். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், பென்னிகுவிக்கின் சொந்த ஊர் எது தெரியுமா என்று கேட்டேன். “அவருக்கு ஊரு இதுதான்யா, வேற எது?” என்றார். பென்னிகுவிக் 1911இல் இங்கிலாந்தின் கேம்பர்லியில் இறந்தார். பக்கத்து ஃப்ரிம்லியில் தேவாலயத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கேம்பர்லியிலும் ஒரு சிலை வைத்தது. பெரியவரின் கணக்கில் அதெல்லாம் வெளியூர்.

தேனிக்குத் திரும்பும் பேருந்தில் பக்கத்து இருக்கை இளைஞர் டிராக்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர். வந்த விஷயத்தைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார். அவர் பெயரே பென்னிகுவிக்தான். “எங்க அய்யா நெல்லு போடுறவரு சார். நான் பொறந்தப்ப வச்சுட்டாரு. ஸ்கூல்ல வாத்தியார்களுக்கு எழுத வராது, ஆளுக்கொரு மாதிரி எழுதுவாங்க.” எழுநூறு வருஷமாக ஸ்காட்லாந்து எழுத்தர்கள் பட்ட பாடும் அதுதான் என்று சொன்னேன்.

அடுத்த மாதம் அவருக்குக் கல்யாணம். பிறக்கப்போகும் பிள்ளைக்கு முதலெழுத்து ‘பெ.’ என்று வரும். பேசிக்கொண்டிருக்கும்போதே வண்டி கர்னல் ஜான் பென்னிகுவிக் பேருந்து நிலையத்துக்குள் நுழைந்தது. ஸ்காட்லாந்தில் நிலத்தை வைத்திருந்த குடும்பம் நிலத்தின் பெயரை எடுத்துக்கொண்டது. நிலம் போனதும் பெயர் வெறும் அடையாளமாகிவிட்டது. இங்கே அந்தப் பெயர் மறுபடி ஓர் இடத்துக்குப் பெயராகியிருக்கிறது. பிள்ளைகளுக்கும் இறங்கியிருக்கிறது. ரத்த உறவு எதுவும் இல்லை. வாய்க்காலில் வருகிற தண்ணீர்தான் உறவு. நம் முறையில் முதலெழுத்து ஒரு தலைமுறைக்குத்தான் தாங்கும். அதற்கு மேலும் பெயர் நிலைக்க வேண்டுமானால், ஒவ்வொரு தலைமுறையும் அதைப் புதிதாக விரும்பி வைத்தாக வேண்டும். பட்டாவும் பத்திரமும் தராத உறுதி அது.