பெயர் நம்முடையது, செய்முறை?

பௌர்ணமிக்கு முதல் நாள் திருவண்ணாமலையில் சாணை பிடிப்பவர்களுக்கு நல்ல வேலை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இளநீர் சீவுகிறவர்கள், அன்னதானத்துக்குக் காய் நறுக்குகிறவர்கள் என்று எல்லோருக்கும் கத்தி கூராக வேண்டும். பெடலை மிதிக்க மிதிக்கப் பொறி பறக்கும். நாம் பொறியைப் பார்ப்போம், கத்தியைப் பார்ப்போம். சுற்றுகிற கல்லை யாரும் கவனிப்பதில்லை.

என்னைக் கவனிக்க வைத்தது என் தங்கை மகன்தான். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒசூரில் ஒரு தொழிற்சாலையில் கிரைண்டிங் பிரிவில் சேர்ந்திருக்கிறான். "படிச்சுட்டுப் போயும் போயும் சாணை பிடிக்கிற வேலையா?" என்று கல்யாண வீட்டில் ஒரு உறவினர் கேட்டுவிட்டார். பையன் முகம் சுண்டிப்போனது. அதன்பிறகுதான் அந்தக் கல்லின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

கதை தமிழில் தொடங்குகிறது! கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10. அதற்கு அடுத்து 9-ல் இருப்பது குருந்தக்கல். மாணிக்கமும் நீலமும்கூட நிறம் ஏறிய குருந்தம்தான். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பக்கம் இந்தக் கல் கிடைக்கிறது. நம் நாட்டுக் கைவினைஞர்கள் இதை இடித்துத் தூளாக்கி, அரக்கோடு கலந்து சக்கரமாக்கினார்கள். அதில்தான் ரத்தினங்களைத் தீட்டினார்கள். குருந்தம் என்ற பெயர் ஐரோப்பாவுக்குப் போய், ஆங்கிலத்தில் 'கொரண்டம்' ஆனது.

1891-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வர்ட் அச்சிசன் என்பவர், களிமண்ணையும் கல்கரித் தூளையும் கலந்து அதில் மின்சாரம் பாய்ச்சினார். ஆறியதும் பார்த்தால், பளபளவென்று சில படிகங்கள். கண்ணாடியைக் கீறும் அளவுக்குக் கடினம். கார்பனும் கொரண்டமும் சேர்ந்த பொருள் என்று நினைத்து 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். பிறகு சோதித்ததில், அதில் கொரண்டமே இல்லை. அது சிலிக்கனும் கார்பனும் சேர்ந்த பொருள் என்று தெரிந்தது. ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. ஆக, ஓர் அமெரிக்கக் கம்பெனியின் பெயருக்குள் நம் குருந்தம் போய் உட்கார்ந்தது ஒரு தவறான யூகத்தால்தான்!

இதைத் தயாரிக்க உலையில் 2,000 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அதற்கு ஏராளமான மின்சாரம் தேவை. அதனால்தான் 1895-ல் அந்தக் கம்பெனி நயாகரா நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்திலேயே குடியேறியது.

இனி சென்னைக்கு வருவோம். திருவொற்றியூரும் நம் ஊரைப் போலவே சிவன் கோயில் ஊர்தான். ஆனால் அங்கே கோயில் மணியோடு ஆலைச் சங்கும் கேட்கும். காரைக்குடிக்குப் பக்கத்துப் பள்ளத்தூரைச் சேர்ந்த ஏ.எம்.முருகப்ப செட்டியார், 1900-ல் பர்மாவின் மௌல்மீனில் வட்டித்தொழில் தொடங்கியவர். பின்னாளில் அந்தக் குடும்பம் முதலீட்டைத் தாயகத்துக்குக் கொண்டுவந்து தொழிற்சாலைகளில் போட்டது. திருவொற்றியூரில் 'அஜாக்ஸ்' பஸ் நிறுத்தம் இருக்கிறதே, அது அவர்களின் உப்புத்தாள் கம்பெனியின் பெயர்தான்.

1954-ல் அந்தக் குடும்பம் அமெரிக்காவின் கார்போரண்டம் கம்பெனியுடனும், இங்கிலாந்தின் யுனிவர்சல் கிரைண்டிங் வீல் கம்பெனியுடனும் கைகோத்தது. அப்படிப் பிறந்ததுதான் கார்போரண்டம் யுனிவர்சல். கடல் கடந்து போன சொல், சாணைச் சக்கரத்தின் லேபிளில் ஏறி ஊர் திரும்பியது.

இங்கே ஒரு கேள்வி உறுத்தியது. பெயர் நம்முடையது, கல் நம்முடையது, அரக்குச் சக்கரமும் நம்முடையது. பிறகு ஏன் நவீனச் சக்கரம் செய்ய வெளிநாட்டுக் கூட்டாளிகளைத் தேட வேண்டியிருந்தது? அந்த உலையும், அதற்கான மின்சாரமும், நுணுக்கமான அளவுகளும் நம்மிடம் வளரவில்லை என்பதே பதில். இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. கற்றுக்கொண்ட பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். கேரளத்தில் இந்தக் கம்பெனி தனக்கான மூலப்பொருளை உருக்கத் தொடங்கியது. நயாகராவை நாடிய அச்சிசனைப் போலவே, பத்தனம்திட்டா மாவட்டம் மணியாற்றில் 12 மெகாவாட் நீர்மின் நிலையமும் கட்டியது. 2007-ல் ரஷ்யாவின் வோல்ஸ்கி தேய்ப்புப்பொருள் ஆலையையே விலைக்கு வாங்கியது.

படித்ததையெல்லாம் தங்கை மகனிடம் போனில் சொன்னேன். சிரித்தான். "பெரியம்மா, தலைமுடி எழுபது மைக்ரான் இருக்கும். நாங்க ரெண்டு மூணு மைக்ரான் கூடினாலே பீஸை ஒதுக்கிடுவோம். லேத்துல கடைஞ்சு வந்தாலும், கடைசியா அளவுக்குக் கொண்டுவர்றது இந்தக் கல்லுதான்" என்றான். குரலில் பழைய தெம்பு தெரிந்தது.

அவன் சொன்ன பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். மிக்ஸி மோட்டாரின் பேரிங், ஸ்கூட்டர் இன்ஜினின் உள்பாகம், தையல் மெஷின் ஊசி எல்லாம் ஏதோ ஒரு சாணைக் கல்லைத் தொட்டு வந்தவைதான். அந்தக் கல் மட்டும் எந்த வீட்டுக்கும் வருவதில்லை. தேய்ந்து தீர்வதுதான் அதன் வேலை.

ஒரு சொல் நம்முடையது என்று தெரிந்தால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பிப் பெருமைப்படலாம், தப்பில்லை. ஆனால் அந்தப் பொருளைச் செய்யவும் கையாளவும் தெரிந்த பிள்ளைகள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். கல்யாண வீட்டில் அவர்களைப் பார்த்தால், "சம்பளம் எவ்வளவு?" என்பதற்கு முன்னால், "என்ன செய்கிறாய், எப்படிச் செய்கிறாய்?" என்று கேட்டுப் பாருங்களேன்.