வெள்ளைச் சட்டைக்காரனும் இரவுக் கமராக்களும்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருபவர்களின் பயணப் பொதிகளைப் பார்த்தே காலத்தைக் கணித்துவிடலாம் என்று எனது பத்திரிகை நண்பர் ஒருவர் சொல்வதுண்டு. ஒரு காலத்தில் கசெற் ரெக்கோடர், பின்னர் சொக்கலேற்றும் வாசனைத் திரவியமும், அதன் பின்னர் கைத்தொலைபேசி. இப்போது கண்காணிப்புக் கமரா. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் நடந்து செல்லும்போது படலைக்கு மேலே ஒன்று, விறாந்தைத் தூணில் ஒன்று, கிணற்றடியை நோக்கி இன்னொன்று என்று கண்ணாடிக் கண்கள் எம்மைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. வீட்டில் இருப்பவர் எழுபது வயதைக் கடந்த ஒரு தாய். பார்ப்பவர்களோ ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் இருக்கின்றார்கள்.

இந்தக் கமராக்களை வாங்குபவர்கள் கடையில் கேட்கும் முதற் கேள்வி, எத்தனை மெகா பிக்ஸல் என்பது. இரண்டாவது கேள்வி விலை. இருட்டில் எப்படித் தெரியும் என்று கேட்பவர்களை நான் அரிதாகவே கண்டிருக்கின்றேன். கேட்டாலும் "நைற் விஷன் இருக்கு அண்ணை" என்ற பதிலோடு விடயம் முடிந்துவிடும். கள்ளன் பெரும்பாலும் இரவில்தான் வருவான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தைக் காட்டித்தான் கமரா விற்கப்படுகின்றது.

இந்த விடயத்தில் எனக்கு அக்கறை ஏற்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. கடந்த ஐப்பசி மாதம், எங்கள் பெரியம்மா தனியாக வசிக்கும் ஒழுங்கையில், அடைமழை இரவொன்றில் ஒரு வீட்டின் கிணற்றடியிலிருந்து நீர் இறைக்கும் மோட்டார் காணாமற் போனது. எதிர்வீட்டுக் கமராவில் அரை நிமிடத்துக்கும் குறைவான ஒரு பதிவு அகப்பட்டது. வெள்ளைச் சட்டை அணிந்த ஒல்லியான உருவம் ஒன்று சைக்கிளை உருட்டிக்கொண்டு போகின்றது. கரியரில் ஏதோ பாரம். முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெண்திட்டு மாத்திரம். அந்தப் பதிவு, விடிவதற்கு முன்னரே வட்ஸ்அப் வழியாக ஐந்து நாடுகளைச் சுற்றிவிட்டது. அன்று மாலை வெள்ளைச் சட்டையுடன் அந்த ஒழுங்கையால் போனவர் யார் என்று தொலைபேசிகளிலேயே விசாரணை நடந்தது. பெரியம்மாவின் முற்றத்தைக் கூட்டி, சில்லறை வேலைகளில் உதவும் பெண்ணின் மகன் தனியார் வகுப்புக்குப் போய்வந்தான் என்று யாரோ நினைவுபடுத்தினார்கள். உயர்தர வகுப்பு மாணவன். சட்டை வெள்ளை, உடம்பு ஒல்லி, கையில் சைக்கிள். வேறென்ன வேண்டும்?

மறுநாள் முற்பகல் முழுவதும் அவன் பொலிஸ் நிலையத்து வாங்கில் இருத்தப்பட்டிருந்தான். மத்தியானத்துக்குப் பின்னர் அனுப்பிவிட்டார்கள். வழக்கு எதுவும் இல்லை. ஆனால் அவனைக் கண்டதும் ஒழுங்கைக்காரர்கள் வெளியில் நிற்கும் சைக்கிளை உள்ளே எடுத்து வைக்கத் தொடங்கினார்கள்.

எமது தலைமுறைக்கு இது புதிதல்ல. 1980களிலும் 1990களிலும் சுற்றிவளைப்புகளின்போது முகத்தை மூடிய ஒருவரை வாகனத்தில் இருத்தி, வரிசையில் எம்மை ஒவ்வொருவராக நடக்க விடுவார்கள். அவர் தலையை ஆட்டினால் போதும். ஏன் ஆட்டினீர் என்று எவரும் கேட்பதில்லை. தலையாட்டி என்ற சொல்லைக் கேட்டாலே இன்னமும் வயிற்றைக் கலக்கும். எதிர்வீட்டு மதிலில் இருந்த அந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தபோது எனக்கு அந்த நினைவு வந்ததில் வியப்பில்லை.

கார்த்திகையில் இரண்டு வார விடுமுறையில் பெரியம்மாவிடம் சென்றேன். பிள்ளைகளின் அன்பு போட்டி போட்டதன் விளைவாக அவரது முற்றத்தை நோக்கி மூன்று கமராக்கள் இருந்தன. ரொறன்ரோ மகன் பூட்டுவித்தது 8 மெகா பிக்ஸல் கமரா. எதிர்வீட்டில் இருப்பதும் இதே வகைதான். லண்டன் மகள் அனுப்பியது 4 மெகா பிக்ஸல், பெரிய உணரி, எஃப் 1.0 அளவுக்கு அகன்ற வில்லை, கூடவே மென்மஞ்சள் விளக்கு. மூன்றாவது, பல வருடங்களுக்கு முன்னர் பூட்டிய 2 மெகா பிக்ஸல் கமரா. அதை எவரும் இப்போது பார்ப்பதில்லை. ஒரே செய்திக்கு மூன்று நிருபர்களை அனுப்பியது போன்ற வசதி இது. பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவரைத் துணைக்கு அழைத்தேன். நிலவில்லாத இரவில், தெருவிளக்கு எட்டாத படலையடியில், சட்டையை மாற்றி மாற்றி அவரை நடக்கச் செய்தேன்.

முதற் கமராவில், வெள்ளைப் பருத்திச் சட்டை வெள்ளையாகத் தெரிந்தது. கறுப்புப் பொலியெஸ்ரர் ரீசேட்டும் வெள்ளையாகவே தெரிந்தது! கடும் நீலச் சட்டையும் அப்படியே. என்னுடைய பழைய கறுப்புச் சட்டை ஒன்றுதான் கருஞ்சாம்பல் நிறத்தில் நின்றது. இளைஞர் தன் கைத்தொலைபேசியில் பதிவைப் பார்த்துவிட்டு, "அண்ணை, நான் என்ன நேர்ஸோ?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதில் மாயம் ஒன்றுமில்லை. மாலை மயங்கும் வேளையில் கமராவுக்குள் 'டிக்' என்ற ஒரு சத்தம் கேட்கும். பகலில் அகச்சிவப்புக் கதிர்களைத் தடுத்துக்கொண்டிருக்கும் வடிகண்ணாடி ஒன்று அப்போது விலகுகின்றது. அதன்பின் கமரா தன்னைச் சுற்றியுள்ள சிறு விளக்குகளால் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வருவதைக் கறுப்பு வெள்ளையில் பதிகின்றது. அந்த ஒளி வழக்கமாக 850 நனோமீற்றர் அலைநீளமுடையது. கமராவை உற்றுப் பார்த்தால் மங்கிய சிவப்புப் பொட்டுகளாகத் தெரியும். 940 நனோமீற்றர் வகை கண்ணுக்கே தெரியாது, ஆனால் அவ்வளவு தூரம் எட்டாது. எமது கண்ணுக்குப் புலப்படும் ஒளியை விழுங்கிக் கறுப்பாகத் தோன்றும் சாயங்களிற் பல, இந்த அகச்சிவப்பு ஒளியை விழுங்குவதில்லை. துணி அதை அப்படியே திருப்பி அனுப்புகின்றது. எல்லாக் கறுப்புத் துணியும் அப்படியல்ல, சாயத்தைப் பொறுத்தது. இலைகளும் இதே மாதிரித்தான். பெரியம்மாவின் மாமரம் அந்தப் பதிவில் பனி மூடியது போல நிற்கின்றது. ரொறன்ரோ மகனுக்கு அது பழகிய காட்சியாக இருந்திருக்கும்.

ஆகவே அகச்சிவப்பில் எடுத்த பதிவைப் பார்த்து 'வெள்ளைச் சட்டைக்காரன்' என்று எவரும் சொல்ல முடியாது. அன்றிரவு மோட்டாருடன் போனவனின் சட்டை கறுப்பாகவும் இருந்திருக்கலாம், நீலமாகவும் இருந்திருக்கலாம்.

லண்டன் மகளின் கமராவில் கடும் நீலம் கடும் நீலமாகவே தெரிந்தது, சாரத்தின் கட்டம்கூடத் தெரிந்தது. காரணம் எளிது. எஃப் 2.0 வில்லையோடு ஒப்பிட்டால் எஃப் 1.0 வில்லை நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். விளக்கு வேறு துணைக்கு நிற்கின்றது. விளக்கை அணைத்தவுடன் அந்த வர்ணமெல்லாம் களிம்பு பூசியது போலக் குழம்பிவிட்டது. கும்மிருட்டிலும் வர்ணம் காட்டும் என்று விற்கப்படும் கமராக்களில் பெரும்பாலானவற்றின் இரகசியம் அந்தச் சிறு விளக்குத்தான்.

என்னை வியப்பில் ஆழ்த்தியது மூன்றாவது கிழட்டுக் கமராதான். மங்கலான தெருவிளக்கின் கீழ் அது 8 மெகா பிக்ஸல் கமராவைவிடச் சுத்தமான படத்தைத் தந்தது. இந்த விலையிலுள்ள பல கமராக்களில் உணரியின் அளவு ஒன்றுதான், 1/2.8 அங்குலம். அதில் 2 மெகா பிக்ஸலை வைத்தால் ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ 2.9 மைக்ரோன் அகலம் பெறும். 8 மெகா பிக்ஸலை நெருக்கினால் 1.45 மைக்ரோன். பரப்பில் நாலில் ஒன்று. மழைநீரைச் சேகரிக்க முற்றத்தில் கிடாரத்தை வைப்பதா, தேநீர்க் கோப்பைகளை அடுக்குவதா என்பது போன்ற கணக்கு இது. ஒளி தாராளமாகப் பொழியும் பகலில் கோப்பைகளும் நிறையும். இரவில் நிறையாது.

பெட்டிகளில் 0.0005 லக்ஸ் ஒளியிலும் தெரியும் என்றெல்லாம் அச்சிட்டிருப்பார்கள். நல்ல பறுவ நிலவின் வெளிச்சமே சுமார் கால் லக்ஸ்தான். அப்படியாயின் அந்த எண் எப்படிக் கிடைக்கின்றது? ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்து, மின் பெருக்கத்தை உச்சத்துக்கு உயர்த்தினால் எந்தக் கமராவும் இருட்டை வெளிச்சமாகக் காட்டும். ஆனால் சாதாரணமாக நடக்கும் ஒருவர் ஒரு செக்கனில் 1.4 மீற்றர் கடக்கின்றார். ஷட்டர் செக்கனில் மூன்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் அவர் அரை மீற்றர் அளவுக்கு நகர்ந்துவிடுவார். பூச்சாடி துல்லியமாகத் தெரியும், மனிதன் புகையாகத் தெரிவான். 1/25 செக்கனுக்கு மேல் போகாதபடி ஷட்டரைக் கட்டுப்படுத்தினால் படம் இருளும், ஆனால் மனிதன் மனிதனாக இருப்பான். இரவுத் தரத்தை ஒப்பிட விரும்புபவர்கள் வெறும் முற்றத்தின் படத்தைப் பார்க்கக் கூடாது, அதில் யாரையாவது நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும்.

பழைய பிலிம் காலத்தில் இருட்டறையில் நின்றவர்களுக்கு இவை யாவும் தெரிந்த சங்கதிகளே. 400 வேகப் பிலிமை 1600 என்று பாவித்துக் கழுவினால் படத்தில் மணல் இறைத்தது போன்ற பொருக்கு வரும். அதை மறைக்க முடியாது. இன்றைய கமராக்கள் அந்தப் பொருக்கைத் தாமே மெழுகிவிடுகின்றன. மெழுகும்போது மூக்கும் வாயும் சேர்ந்து போய்விடும். மீதி இருப்பது முகம் போன்ற ஒன்று. அதில் பார்ப்பவர் தாம் நினைத்த முகத்தைக் காண்பார்.

தூரமும் ஒரு விடயம். 2.8 மில்லிமீற்றர் வில்லை சுமார் 100 பாகை அகலத்தைப் பார்க்கும். பத்து மீற்றருக்கு அப்பால் அது ஏறத்தாழ 24 மீற்றர் அகலமான காட்சி. 8 மெகா பிக்ஸல் கமராவின் 3840 புள்ளிகளை அதிற் பரப்பினால் மீற்றருக்கு 160 வரும். ஐரோப்பிய நியமமான ஈ.என். 62676-4 இன் 2015ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண மீற்றருக்கு 250 புள்ளிகள் தேவை. அதுவும் படம் தெளிவாக இருந்தால். 6 மில்லிமீற்றர் வில்லையுள்ள 4 மெகா பிக்ஸல் கமரா ஒன்றைப் படலைக்கு மட்டும் திருப்பி வைத்தால் 270ஐத் தொடலாம். முற்றம் முழுவதையும் ஒரே கமராவில் பார்க்கும் ஆசையை விட்டுவிட வேண்டும்.

சட்டைப் பதிவுகளை எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையாக இரண்டு தடவை பார்த்தார். பத்திரிகைக்காரர் என்பதால் தேநீரும் தருவித்தார். "நாங்கள் அந்தப் பிள்ளையைச் சந்தேக நபர் என்று எழுதேல்லை ஐயா" என்றார். உண்மைதான், எழுதவில்லை. எழுதியவர்கள் வட்ஸ்அப்பில் இருந்தவர்கள். செய்தி அறையில் ஒரு படத்தின் கீழே பெயர் போடுவதற்கு முன்னர் இரண்டு பேரிடம் உறுதிப்படுத்தாவிட்டால் எங்கள் பழைய ஆசிரியர் படத்தையே தூக்கி எறிவார். இவர்களுக்கு அப்படி ஓர் ஆசிரியர் வாய்க்கவில்லை.

ரொறன்ரோ மகனின் கமராவில் வில்லையைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியிருந்தது. அகச்சிவப்பு ஒளி பூச்சிகளைக் காட்டும், பூச்சிகள் சிலந்தியை அழைக்கும், வலையின் ஓர் இழை காற்றில் ஆடினால் ஆள் நடமாட்டம் என்று எச்சரிக்கை பறக்கும். இங்கே அதிகாலை இரண்டு மணிக்கு அவருக்கு அங்கே பிற்பகல். உடனே அழைப்பு எடுப்பார். "உது சிலந்தி, தம்பி. கள்ளன் இல்லை. நீ வேலையைப் பார்" என்று அரைத்தூக்கத்தில் சொல்லிவிட்டுப் பெரியம்மா திரும்பிப் படுப்பார். வலையைத் தும்புத்தடியால் துடைத்துவிட்டு, படலைத் தூணில் 9 வோற் எல்.ஈ.டி. மின்குமிழ் ஒன்றைப் பூட்டினேன். மூன்று கமராக்களிலும் ஒரே இரவில் ஏற்பட்ட முன்னேற்றம், எந்தப் புதுக் கமராவாலும் கிடைத்திராது. இரவு முழுவதும் எரிந்தாலும் பத்து நாளில் ஒரு யுனிற்றைச் சிறிது தாண்டும், அவ்வளவுதான். பெரியம்மாவுக்கு அதுவும் வீண் செலவாகத்தான் பட்டது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது இந்தக் கமராக்களெல்லாம் என்ன செய்தன என்று அவர் கேட்ட கேள்விக்கு, இணையப் பெட்டிக்கும் பதிவுக் கருவிக்கும் ஒரு பற்றரி வாங்கி வைத்ததைத் தவிர என்னிடம் வேறு பதில் இருக்கவில்லை.

மோட்டார் கிடைக்கவில்லை. அந்தப் பையன் வகுப்புக்கு இப்போது வேறு ஒழுங்கையால் சுற்றிப் போகின்றான் என்று பெரியம்மா சொன்னார். கறுப்புச் சட்டை வெள்ளையாகத் தெரியும் பதிவையும், அதே சட்டையைப் பகலில் எடுத்த படத்தையும், விளக்கமான ஒரு குறிப்போடு அதே வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். முதற் பதிவை அனுப்பியவர் அதைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டார். சிலர் பெருவிரலை உயர்த்திக் காட்டினார்கள். இருவர், லண்டன் மகள் அனுப்பிய கமராவின் விலை என்ன என்று கேட்டிருந்தார்கள்.