மேகத்துக்கு அப்பால் வெள்ளி

எங்கள் புதுச்சேரிக்கும் வெள்ளிக்கோளுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. வெள்ளி சூரியனைக் கடப்பதை இங்கிருந்து காணப் புறப்பட்டார் பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தி. 1761இல் ஊர் ஆங்கிலேயர் வசமாகியிருந்ததால் கப்பல் திரும்பிவிட்டது. அடுத்த கடப்புக்காகக் காத்திருந்து 1768இல் வந்து சேர்ந்தார். 1769 ஜூன் 4 காலை, உரிய நேரத்தில் மேகம் மறைத்துவிட்டது. கடப்பு முடிந்தபின் வெயில் அடித்தது.

புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது 1962 ஆகஸ்ட் 16இல். பதினொரு நாள் கழித்து அமெரிக்காவின் மாரினர் 2 விண்கலம் புறப்பட்டது. டிசம்பர் 14இல் வெள்ளியை ஏறத்தாழ 35,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்தது. வேற்றுக்கோள் ஒன்றை நெருங்கிச் செய்தி அனுப்பிய முதல் கலம் அதுவே. அதில் ஒளிப்படக் கருவி இல்லை. வெள்ளியைப் போர்த்திய மேகத்தினூடே கசிந்துவரும் நுண்ணலைகளைக் கொண்டே வெப்பத்தை அளந்தது. ஈயத்தையும் உருக்கும் வெப்பம்! மேகத்துக்கடியில் சதுப்புக்காடு இருக்கலாம் என்ற கற்பனை அத்தோடு கலைந்தது.

வெள்ளி தென்திசை சென்றால் மழை பொய்க்கும் என்பது சங்க கால நம்பிக்கை. ‘அப்படியானால் அந்தப் பாட்டெல்லாம் பொய்தானே ஐயா?’ என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். இல்லையம்மா என்றேன். மழையோடு சேர்த்துப் பாடிய அந்தக் கோளின் தரையில் ஒரு துளி நீரும் நிற்காது என்பது புலவருக்குத் தெரியாது. ஆனால் மழை பொய்த்தால் வயல் என்னாகும் என்பது தெரியும். கலம் அளந்தது வெள்ளியின் வெப்பத்தை. புலவர் அளந்தது மண்ணின் அச்சத்தை. இரண்டும் மெய்யே.