கேப்புக்கு உள்ளே என்ன கலர்?

சென்னையில் பல் மருத்துவர்களுக்குக் கேப், பிரிட்ஜ் செய்து தரும் லேப் அது. மில்லிங் மெஷினிலிருந்து எடுத்த ஜிர்கோனியா கேப் ஒன்றை மூத்த டெக்னீஷியன் என் உள்ளங்கையில் வைத்தார். விரலெல்லாம் வெள்ளைப் பொடி.

"பார்த்துப் பிடிங்க சார், இப்ப நகம் பட்டாலே ஓரம் பொடிஞ்சிடும்."

சூளையில் ஏறக்குறைய 1,500 டிகிரியில் வேகும்போது ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிடுமாம். அதைக் கணக்குப் போட்டே கம்ப்யூட்டர் பெரிதாக வெட்டுகிறது. வெந்தபின் அதன் வளைவு வலிமை 1,000 மெகாபாஸ்கலைத் தொடும். விரிசல் ஒன்று கிளம்பினால் சுற்றியுள்ள படிகங்கள் உருமாறிப் பருத்து, அதை நெருக்கி நிறுத்திவிடுகின்றன.

அடுத்த மேஜையில் லித்தியம் டைசிலிகேட். லேபில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, பிராண்டு பெயரால் 'இ-மேக்ஸ்'தான். கத்தரிப்பூ நிறக் கட்டி, 850 டிகிரி சூட்டில் பல் நிறத்துக்கு மாறுகிறது. வலிமை 400 மெகாபாஸ்கலை ஒட்டி. ஆனால் விளக்குக்கு எதிரே பிடித்தால் வெளிச்சம் உள்ளே இறங்குகிறது. ஜிர்கோனியாவில் பெரும்பகுதி மேலோடு திரும்பிவிடும். அதில் யிட்ரியாவைக் கூட்டி வெளிச்சம் ஊடுருவச் செய்த ரகங்களும் உண்டு. அவற்றில் விரிசலைத் தடுக்கும் அந்தக் குணம் குறைந்துபோகிறது.

கேப்பின் மேல் போர்சலின் கட்டும் அக்காவின் கையைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பொடியை நீரில் குழைத்துப் பிரஷ் நுனியால் எடுத்து வைக்கிறார், டிஷ்யூவால் ஈரத்தை ஒற்றுகிறார், பல்லின் விளிம்புக்கு மட்டும் லேசான நீலச்சாயல் கொண்ட பொடி. அழகில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. வலிமையோ 100 மெகாபாஸ்கலை ஒட்டியே.

"பக்கத்துப் பல்லு மஞ்சளா ஏ3.5ல இருக்கும், கேப் மட்டும் வெளேர்னு பி1 கேப்பாங்க" என்றார் சிரித்தபடி. வாஷ்பேசின் வெள்ளையை அழகென்று நம்ப வைத்ததில் விளம்பரங்களுக்குப் பங்குண்டு.

உடைந்து திரும்பிய பிரிட்ஜ் ஒன்றையும் காட்டினார்கள். உள்ளே ஜிர்கோனியாவுக்கு ஒரு கீறல் இல்லை. மேலே கட்டிய போர்சலின்தான் பெயர்ந்திருந்தது. அதனால் கடைவாய்க்கு இப்போது முழு ஜிர்கோனியாவாகவே செய்கிறார்கள்.

கையேட்டில் உள்ள மெகாபாஸ்கல் கணக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது சோதனைத் துண்டின் கணக்கு. கனம் பாதியானால் தாங்கும் சுமை ஏறத்தாழ கால்பங்காகிவிடும். "டாக்டர் ஒன்றரை மில்லி இடம் விட்டா நிக்கும், அரை மில்லி விட்டுட்டு எங்களைக் கேட்டா?" என்றார் மூத்தவர்.

முன்பல்லுக்கு இ-மேக்ஸ்தான் என்று முடிவுகட்டவும் முடியாது. வேர் சிகிச்சையில் கறுத்த பல், உள்ளே ஊன்றிய உலோகக் கம்பி (போஸ்ட்) என்றால், உள்ளே போகும் வெளிச்சமே அந்தக் கறுப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். அங்கே ஒளி புகாத ஜிர்கோனியாதான் அழகு.

அன்று வந்த ஆர்டர் சீட்டில் 'இ-மேக்ஸ், ஏ2' என்று மட்டும் இருந்தது. மூத்தவர் மருத்துவருக்குப் போன் போட்டார்: "டாக்டர், செதுக்கின பல்லு என்ன கலர்ல இருக்கு? ஒரு போட்டோ அனுப்புங்களேன்."