எழுத்தெண்ணும் எந்திரம்

ஒரு நூலை ஐயமறக் கற்றவரை 'எழுத்தெண்ணிப் படித்தவர்' என்று போற்றுவது தமிழ் மரபு. கணிப்பொறியும் எழுத்தெண்ணுகிறது. ஆனால் எழுத்து என்று அது எதைக் கொள்கிறது என்பதைக் கையேடுகள் எப்போதும் தெளிவாகச் சொல்வதில்லை.

இராயபுரத்தில், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தையொட்டிக் கடை வைத்திருக்கும் வணிகர் ஒருவரின் விற்பனைச் சீட்டு நிரலைக் கவனித்து வருகிறேன். பிறர் எழுதிய அந்நிரலில் பெயருக்கு 20 எழுத்துகள் வரை இடமுண்டு என்று குறித்திருந்தது. ஆயினும் 'முகம்மது' என்னும் பெயர் 'முகம்ம' என்று அறுபட்டு, அதன்பின் பொருளற்ற குறியொன்று அச்சாயிற்று. யார் பெயர் குறைபட்டாலும் மனம் நோகும்; இப்பெயரென்றால் சொல்லவும் வேண்டுமோ?

இலக்கணப்படி இதில் ஐந்தே எழுத்துகள்: மு, க, ம், ம, து. 1991இல் வெளிவந்த யூனிகோடு முறையோ உகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியே கொள்வதால் எட்டுக் குறிகள் ஆகின்றன. யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டுகள், ஆக 24. இருபதுக்குள் ஆறு குறிகளே முழுமையாக அடங்கின. எஞ்சிய 2 பைட்டுகள் ஏழாவது குறியின் துண்டு.

சி மொழியின் நூலகத்தில், அதாவது முன்பே எழுதி வைத்த செயற்கூறுகளின் தொகுப்பில், 'ஸ்டிரிலென்' என்று ஒன்றுண்டு. அது எழுத்துகளின் எண்ணிக்கையைத் தரும் என்கிறது 1989ஆம் ஆண்டுத் தர ஆவணம். உண்மையில் தருவது பைட்டுகளின் எண்ணிக்கை. எழுத்தென்றால் ஒரு பைட்டில் அடங்குவது என்ற விளக்கம் அதே ஆவணத்தில் வேறோரிடத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் முரண்பாடு வெளிப்படவில்லை. தமிழ்ப் பெயரொன்று வந்ததும் வெளிப்பட்டது. லினக்சின் இன்றைய கையேடு 'பைட்டுகள்' என்றே நேராகச் சொல்கிறது. ஒரு சொல்லை மாற்றியதில் எத்தனை பேரின் குழப்பம் தீர்கிறது!

நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதப் புகுந்தபோது, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளிகள் கூட்டிப் புதிய எழுத்துகளை அமைத்துக்கொண்டனர். எழுத்துக்காக ஒலியை வெட்டவில்லை. பாத்திரத்துக்காகப் பெயரை அறுக்கும் இக்காலத்தில் அந்த முறை நினைவுகொள்ளத் தக்கது.

அளவில் மோசம் செய்வோரை எச்சரிக்கும் 'அல் முதஃப்பிஃபீன்' என்னும் அத்தியாயம் திருக்குர்ஆனில் உண்டு. மரக்காலுக்கும் துலாக்கோலுக்கும் வேண்டிய நேர்மை கையேட்டின் சொல்லுக்கும் வேண்டும். முன்பின் அறியாத ஒருவர் அதை நம்பித் தம் வேலையைக் கட்டுகிறார். ஆகவே அச்சொல் ஓர் அமானிதம். எழுதுவோர் அதைப் பேணட்டும். பயன்படுத்துவோராகிய நாமோ, கையேட்டைப் படித்ததோடு நில்லாமல், தமிழ்ப் பெயரொன்றைக் கொடுத்து எண்ணச் சொல்லிப் பார்ப்போம். ஐந்தா, எட்டா, இருபத்து நான்கா என்பதை எந்திரமே சொல்லிவிடும்.