கலந்தாலோசனையில் நிறைவுற்ற ஓவியம்



ஆலங்காயத்தைச் சேர்ந்த நான், சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் பயில்கிறேன். 1850ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளியே இன்று இக்கல்லூரியாக வளர்ந்திருக்கிறது. எங்கள் வகுப்பில், ஓவியம் நிறைவுறும் முன்பே அதைச் சுவரில் சாய்த்துவைத்து உடன் பயில்வோரின் கருத்தைக் கேட்போம்.

இம்முறை நான் வரைந்தது எங்கள் ஊர்ப்புறத்து நள்ளிரவு. ஆலங்காயத்திலிருந்து சவ்வாது மலைமேல் ஏறினால் காவலூர். நகர விளக்குகள் எட்டாத இருளை நாடி 1960களில் அங்கே வானாய்வகம் அமைத்தனர். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு, அவ்விடத்தைத் தேர்ந்த வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் 1986இல் சூட்டப்பட்டது. அதன் வெண்ணிறக் குவிமாடம், மரங்கள், மார்கழி வானம் ஆகியவையே என் ஓவியம்.

உயிரினங்களின் உருவத்தை நான் வரைவதில்லை. ஓவியத்தால் பிழைத்த ஒருவரிடம், மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவுரை கூறியதாக புகாரி நூலில் பதிவாகியுள்ளது. இதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. எங்கள் இல்லத்தார் அந்த அறிவுரையையே பேணி வருகின்றனர்.

தோழி ஒருத்தி, "எல்லா விண்மீன்களும் ஒரே வெள்ளையா?" என்று கேட்டாள். விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது அக்கேள்வியோடு மொட்டைமாடியில் நின்றேன். ரோகிணி செம்மையாகவும், ரைஜல் நீலம் கலந்த வெண்மையாகவும் ஒளிர்ந்தன. ரோகிணியை ஆங்கிலத்தில் அல்டெபரான் என்பர். அது 'பின்தொடர்வது' என்று பொருள்படும் அரபுச் சொல். கார்த்திகை மீன்கூட்டத்தைத் தொடர்ந்து உதிப்பதால் வந்த பெயர். விண்மீன்களுக்கு அவற்றின் நிறத்தைத் தந்தபின், என் வானத்திற்கு ஆழம் வந்தது.

மற்றொரு தோழர், "மனிதரே இல்லையே, குவிமாடம் எவ்வளவு பெரிது என்று எப்படி அறிவது? ஒரு காவலரை நிறுத்து" என்றார். கேள்வி நியாயமானது, தீர்வோ எனக்கு உகந்ததன்று. ஆகவே குவிமாடத்தின் அடியில் சிறு கதவையும், படியில் ஒரு சோடிச் செருப்பையும் வரைந்தேன். வானாய்வாளர்கள் இருளுக்குப் பழகிய கண் கூசாதிருக்க மங்கிய சிவப்பு விளக்கையே பயன்படுத்துவர். கதவிடுக்கில் அந்த ஒளியைக் கசியவிட்டேன். மறுமுறை பார்த்த அவர், "உள்ளே யாரோ விழித்திருக்கிறார்" என்றார்.

மூன்றாமவர் அன்போடு, "உன் ஓவியம் என்று தெரிய ஒரு பிறையை வை" என்றார். நான் இணங்கவில்லை. தலைப்பிறை மஃரிபுக்குப் பின் சிறிது நேரத்தில் மறைந்துவிடும். நள்ளிரவு வானில் அதற்கு இடமில்லை. என் ஈமானுக்கு அடையாளமாக இயற்கைக்கு மாறான ஒன்றைத் தீட்டவும் மனம் ஒப்பவில்லை.

மஷூரா எனும் கலந்தாலோசனையை மார்க்கம் நமக்குக் கற்பித்திருக்கிறது. ஹிஜ்ரி 5இல் மதீனாவைக் காக்க அகழ் தோண்டலாம் என்று பாரசீகரான ஸல்மான் (ரலி) அவர்கள் சொன்ன யோசனையை நபி (ஸல்) அவர்கள் ஏற்றார்கள். ஆல இம்ரான் அத்தியாயத்தின் 159ஆம் வசனம் மூன்று படிகளைக் காட்டுகிறது: ஆலோசனை கேட்டல், உறுதி கொள்ளல், பின்னர் அல்லாஹ்வையே சார்ந்திருத்தல். நடுப்படியை நமக்காக வேறெவரும் ஏற முடியாது. நம் பணியில் எது போதவில்லை என்பதைப் பிறர் கண்கள் எளிதில் கண்டுவிடும். அதை எவ்வாறு நிறைப்பது என்பதை நம் மனச்சான்றே முடிவு செய்ய வேண்டும்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை தான் வரைந்ததைக் காட்டும்போது "அழகு" என்று சொல்லிக் கடந்துவிடாதீர்கள். அமர்ந்து பார்த்து, உண்மையான ஒரு கேள்வியைக் கேளுங்கள். விடையை அப்பிள்ளையிடமே விட்டுவிடுங்கள்.

நல்ல ஆலோசகர்களையும், தெளிந்த உள்ளத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.